ராணித் தேனீ முட்டை போடவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைக்கும் திற்பரப்புக்கும் இடையில். அப்பா காலத்துப் பெட்டிகளும் நான் பிரித்துப் பெருக்கியவையுமாக இப்போது நாற்பது பெட்டி நிற்கிறது. பாதி வீட்டு விளையில், பாதி பக்கத்து ரப்பர் தோட்டங்களில். புதிதாகப் பெட்டி வாங்கியவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே காரியத்துக்குத்தான்: ராணி முட்டை போடவில்லை. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இது நம்ம ஊர்ப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீக்குச் சொல்வது. இத்தாலியத் தேனீக்கு நாள் கணக்கு கொஞ்சம் மாறும்.

அக்கா, முட்டை எப்படி இருக்கும்? எனக்கு ஒண்ணுமே தெரியல.

முட்டை இல்லை என்று கூப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு முட்டை இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை. காலை எட்டு மணிக்கு மேல், மழை இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறங்கள். வெயில் உங்கள் தோளுக்கு மேலாக வந்து தேனடை அறையின் அடிவரை விழும்படி நில்லுங்கள். அறையின் அடியில் வெள்ளை நூலை நறுக்கிப் போட்டதுபோல ஒரு துண்டு தெரியும். ரவையைவிட மெல்லியது. புது வெள்ளை அடையில் கண்டுபிடிப்பது சிரமம், கொஞ்சம் பழுப்பேறிய அடையில் பளிச்சென்று தெரியும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

போட்ட அன்றைக்கு முட்டை நேராக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். அப்புறம் பொரிந்து புழுவாகும். நேராக நிற்கும் ஒரு முட்டையைப் பார்த்துவிட்டால், நேற்றோ இன்றோ ராணி அந்த அடையில் நடந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூணு தடவ திறந்து பாத்தாச்சு. ராணியவே காணோம். செத்துப் போச்சா?

ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். நம்ம தேனீ அடையில் அடங்கி நிற்காது. புகை பட்டதும் ஓடும், மூலையில் குலையாகத் தொங்கும். அந்தக் குலைக்குள் ராணி இருந்தால் எனக்கும் தெரியாது. பல தடவை நான் ராணியைப் பார்க்காமலேயே பெட்டியை மூடியிருக்கிறேன். முட்டை இருந்தால் ராணி இருக்கிறது, அவ்வளவுதான்.

அடிக்கடி திறப்பதும் கெடுதல். ஒரு சிரட்டை கதம்பல் (தேங்காய் மட்டை) புகை போதும். ஐந்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

முட்டையும் இல்ல, புழுவும் இல்ல, மூடின அறை மட்டும் கெடக்கு. எத்தன நாளா முட்டை போடலன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். முட்டை மூன்று நாள். அப்புறம் ஐந்து நாள் அளவுக்குப் புழு. அதன் பிறகு அறை மூடப்பட்டு, முட்டை போட்டதிலிருந்து ஏறக்குறைய 20 நாளில் வேலைக்காரத் தேனீ வெளியே வரும். ராணிக்கு மொத்தம் 15, 16 நாள்தான். ஆண் தேனீக்கு 24 நாள் வரை ஆகும்.

இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். முட்டை இல்லை, சின்னப் புழு இருக்கிறது என்றால் முட்டை நின்று நான்கைந்து நாள். புழுவே இல்லை, மூடிய அறை மட்டும் இருக்கிறது என்றால் எட்டு நாளுக்கு மேல். எல்லா அறையும் காலி என்றால் மூன்று வாரம் தாண்டிவிட்டது. பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதை மூடியின் உட்பக்கம் சாக்பீஸால் தேதியோடு எழுதி வைப்பேன். யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

பெட்டி பிரிச்சு பதினஞ்சு நாளாச்சு. இன்னும் முட்டை இல்ல. வேற ராணி கொண்டு விடட்டா?

வேண்டாம், பொறுங்கள். ஒரு கூட்டத்தை இரண்டு பெட்டியாகப் பிரித்தால், ராணி இல்லாத பாதியில், தேனீக்கள் ஒரு நாள் வயதுள்ள புழுவை எடுத்து ராணி அறை கட்டத் தொடங்கும். அங்கிருந்து ராணி வெளிவர 11, 12 நாள் ஆகும். வெளிவந்த ராணி உடனே முட்டை போடாது. உடல் முற்றி, நல்ல வெயில் நாள் பார்த்துப் பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்ப ஐந்து முதல் ஏழு நாள். அதற்கப்புறம் முட்டை தொடங்க இரண்டு மூன்று நாள். கூட்டினால் ஏறக்குறைய மூன்று வாரம். இடையில் மழை பிடித்தால் ஒரு மாதம்கூட ஆகலாம். மூடிய ராணி அறையோடு பிரித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். தானாகக் கூட்டம் பிரிந்து போன பெட்டிக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

இதில் ஒரு பொல்லாத ஒற்றுமை உண்டு. பழைய ராணி போட்ட கடைசி முட்டையும் தேனீயாகி வெளியே வந்து பெட்டி முழுக்கக் காலியாகத் தெரிவதும், புது ராணி முட்டை போடப் போவதும் ஒரே வாரத்தில் வரும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பிரிக்கத் தொடங்கிய வருடம் நானும் அந்த வாரத்தில் பொறுக்காமல் வேறு பெட்டியிலிருந்து ராணி எடுத்து விட்டேன். உள்ளே ஆண் தேனீயோடு இன்னும் கூடாத கன்னி ராணி இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் வாசல் பலகையில் நான் விட்ட ராணி செத்துக் கிடந்தது. அதைக் கொடுத்த பெட்டியும் ராணி இல்லாமல் நின்றது. இரண்டையும் தேற்ற எனக்கு இரண்டு மாதம் ஆனது.

காத்திருக்கும் நாட்களில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, ராணி அறையின் நுனி. வட்டமாக மூடி திறந்ததுபோல இருந்தால் ராணி நல்லபடியாக வெளிவந்திருக்கிறது. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் வேறொரு ராணி உள்ளிருந்ததைக் கொன்றிருக்கிறது, அப்போதும் பெட்டியில் ராணி உண்டு. இரண்டு, நடு அடையின் அறைகள். துடைத்து வைத்ததுபோலப் பளபளப்பாக, தேன் நிரப்பாமல் காலியாக விட்டிருந்தால் முட்டைக்கு இடம் ஒருக்கி வைத்திருக்கிறார்கள். ஓரிரு நாளில் நல்ல செய்தி வரும்.

ஓடிப் போகக் கூடாதுன்னு ராணி கேட் போட்டு வச்சிருக்கேன். புது ராணி ஒரு மாசமாயும் முட்டை போடல. ஏன்?

கேட்தான் காரணம். வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குத்தான் அதில் இடைவெளி. கன்னி ராணி வெளியே பறந்து கூடினால்தான் வேலைக்காரத் தேனீக்கான முட்டையைப் போட முடியும். கேட்டை வைத்துக் கல்யாணத்தைத் தடுத்துவிட்டோம். முட்டை போடும் ராணி உள்ள பெட்டிக்கு மட்டும், அதுவும் சில நாட்களுக்கு மட்டும் கேட் போடுங்கள். ராணி வந்து மூன்று வாரத்துக்குள் என்றால் உடனே எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் தாண்டிய கன்னி ராணி கூடுவதற்கு வாய்ப்புக் குறைவு.

கேட் எல்லாம் இல்ல. நல்ல ராணி அறைய நானே பாத்தேன். வெளிய வந்த ராணி எங்க போச்சு?

பறக்கப் போன ராணி திரும்பாமல் போவது நம்ம பக்கத்தில் நிறைய நடக்கிறது. பஞ்சுருட்டானும் கரிச்சானும் பெட்டிக்கு மேலே கம்பியில் உட்கார்ந்து காத்திருக்கும். கடந்தல் குளவி வாசலிலேயே பிடிக்கும். இன்னொரு காரணம் நாம் செய்வது: ஒரே நிறப் பெட்டிகளை வரிசையாக நெருக்கி வைப்பது. திரும்பி வரும் ராணி அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் அங்கேயே தீர்த்துவிடுவார்கள். பிரித்த பெட்டிகளை ஆறேழு அடி தள்ளி, வாசலைத் திசை மாற்றி வையுங்கள். முகப்பில் வெவ்வேறு நிறம் அடியுங்கள். எங்கள் விளையில் இதைச் செய்த பிறகு திரும்பாத ராணிகள் நன்றாகக் குறைந்தன.

ஆனி பிறந்ததுல இருந்து முட்டை கொறஞ்சு கொறஞ்சு இப்ப சுத்தமா இல்ல. ராணிக்கு வயசாயிட்டோ?

வயதாக இருக்கலாம். ஆனால் ஆனி, ஆடியில் என்னைக் கேட்டால் முதலில் பட்டினி என்றுதான் சொல்வேன். நம்ம மாவட்டத்தில் தேனுக்கு ரப்பர்தான் பெரிய ஆதாரம். ரப்பர் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் தை கடைசி முதல் பங்குனி வரை, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் தேன் சுரக்கும். அது பூந்தேன் அல்ல, அதில் மகரந்தம் கிடையாது. பங்குனி முடிந்தால் அதுவும் நின்றுபோகும். தென்மேற்கு மழை இறங்கியதும் தேனீ வெளியே போக முடியாது, தென்னம்பாளையில் இருக்கும் மகரந்தமும் நனைந்துவிடும். வரவு இல்லாத வீட்டில் பிள்ளை பெருக்க வேண்டாம் என்று வேலைக்காரத் தேனீக்கள் ராணிக்குத் தீனியைக் குறைக்கும். ராணி மெலியும், முட்டை குறையும், நிற்கும். ராணியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நம்ம தேனீ பஞ்சம் தாங்காமல் பெட்டியை விட்டே போய்விடும். போவதற்கு முன் ராணி முட்டையை நிறுத்தும், உள்ள புழுக்கள் தேனீயாகி வெளிவந்து தீரும், சேமித்த தேன் தீரும், மகரந்தம் கொண்டுவருவது நிற்கும். நாலும் சேர்ந்து தெரிந்தால் நாளைக்கே போகலாம். அன்று மாலையே பாகு வையுங்கள். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஒரு சட்டம் (அடை கட்டியிருக்கும் மரச்சட்டம்) எடுத்துக் கொடுங்கள். புழுவை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது. ராணி கேட்டுக்கு உரிய நேரமும் இதுதான். எறும்பு, மெழுகுப் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் கூட்டத்தை விரட்டும். தாங்கு காலின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றியிருந்தால் நிரப்புங்கள்.

சீனிப்பாகு எப்படி, எவ்வளவு?

சீனியும் தண்ணீரும் சம அளவு. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சீனியைக் கரைத்து ஆற விடுங்கள். சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நிற்க நாலு ஈர்க்கில் போட்டு, பெட்டிக்குள் சட்டங்களுக்கு மேல் வையுங்கள். ஒரு பெட்டிக்கு வாரத்துக்கு 200 கிராம் சீனி என்ற அளவு எனக்குச் சரியாக வருகிறது. மாலையில்தான் வைக்க வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும். பகலில் வெளியே சிந்தினால் வலுத்த கூட்டம் மெலிந்த கூட்டத்தைக் கொள்ளையடிக்கும். தேன் எடுக்கும் காலத்தில் பாகு கொடுக்கவே கூடாது. அது தேனில் கலப்படம்.

பங்குனியில தேன் அறை நிறைஞ்சு வழியுது. ஆனா கீழ முட்டையே இல்லியே?

ராணிக்கு இடம் இல்லை. ரப்பர் தேன் வேகமாக வரும்போது, தேனீ வெளியேறிய அறை ஒவ்வொன்றிலும் உடனே தேனை ஊற்றிவிடுவார்கள். பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறையிலிருந்து தேனை எடுத்துச் சட்டங்களைத் திருப்பி வையுங்கள். கீழே ஓரத்தில் ஒரு காலிச் சட்டம் கொடுங்கள். ஒரு வாரத்தில் மாறும்.

தேன் அறைச் சட்டங்களையும் ஒருமுறை பாருங்கள். கீழே அடை கறுத்துப் பழசாகியிருந்தால் ராணி மேலே ஏறிப் புது வெள்ளை அடையில் முட்டை போட்டுவிடும். நம்ம தேனீக்குப் பழைய அடை பிடிக்காது. கறுத்த அடைகளை வருடத்துக்கு இரண்டு மூன்றாக வெட்டி எடுத்து உருக்குங்கள்.

ராணி இருக்கா, இல்லியான்னு உறுதியா தெரிய ஒரு வழி சொல்லுங்க.

நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் மிகச் சின்னப் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, தேனீக்களை உதறிவிட்டு, சந்தேகப் பெட்டியின் நடுவில் வையுங்கள். மூன்றாம் நாள் பாருங்கள். ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் ராணி இல்லை. கட்டாமல் புழுவை மட்டும் வளர்த்தால் கன்னி ராணியோ மெலிந்த ராணியோ உள்ளே இருக்கிறது.

இந்த ஒரு சட்டம் இரண்டு விதத்திலும் உதவும். ராணி இல்லாவிட்டால் ராணி வளர்க்கப் புழு கிடைத்தது, இருந்தால் கூட்டத்துக்குப் பிள்ளைகள் கிடைத்தன. எது என்று தெரியாதபோது நான் செய்வது இதுதான். திறந்ததும் பெட்டி பெருமூச்சு விடுவதுபோல இரைந்தால் ராணி இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல நேரம் சரியாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி நான் எதையும் செய்வதில்லை.

ஒரே அறையில ரெண்டு மூணு முட்டை கெடக்கு. ராணி நல்லா போடுதுன்னுதானே அர்த்தம்?

முட்டை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். புதிதாக முட்டை தொடங்கிய ராணி முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு போடுவது உண்டு. அவை அறையின் அடி நடுவில் இருக்கும், ஒரு வாரத்தில் ஒழுங்காகிவிடும்.

முட்டைகள் அறையின் சுவரில், கோணல்மாணலாக, மூன்று நான்கு என்று ஒட்டியிருந்தால் அது வேலைக்காரத் தேனீ போட்டது. அதன் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. ராணி இல்லாமல், ராணி வளர்க்கப் புழுவும் இல்லாமல் போனால், சில வேலைக்காரத் தேனீக்களே முட்டை போடத் தொடங்கும். நம்ம தேனீயில் இது சீக்கிரம், ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். அவை ஆண் தேனீயோடு கூடாதவை, அதனால் அந்த முட்டைகள் எல்லாம் ஆண் தேனீயாகும். ஆண் அறையின் மூடி மேடாக, நடுவில் ஊசிக் குத்துப்போல ஒரு சின்னத் துளையோடு இருக்கும். வேலைக்காரத் தேனீக்கான சின்ன அறைகளில் சிதறலாக அப்படிப்பட்ட மூடிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்க பெட்டியில முட்டை ஒண்ணு ஒண்ணா, அடியிலதான் இருக்கு. ஆனா மூடினது எல்லாம் ஆண் அறை.

அப்படியானால் ராணி இருக்கிறது, ஆனால் அதனிடம் ஆண் தேனீயின் வித்து இல்லை. கூட முடியாமல் போன ராணி, அல்லது வயதாகி வித்து தீர்ந்த ராணி. ராணி கேட் பற்றிச் சொன்ன இடத்தில் உள்ள நிலைமைதான், சில வாரம் கழித்து இப்படித் தெரியும். இந்த ராணியைத் தேடிப் பிடித்து எடுத்தே ஆக வேண்டும். ராணியைத் தேடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன், அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. எடுத்த மறுநாள், மூடிய ராணி அறை ஒன்றைக் கொடுங்கள்.

வேலைக்காரத் தேனீ முட்டை போடுற பெட்டியக் காப்பாத்த முடியுமா?

கூட்டத்தைக் காப்பாற்றலாம், தனிப் பெட்டியாகக் காப்பாற்றுவது கடினம். முட்டை, புழு உள்ள சட்டத்தை நாலு நாளுக்கு ஒன்றாக இரண்டு மூன்று முறை கொடுத்தால் சில கூட்டம் மனம் மாறி ராணி அறை கட்டும். அதற்கு நல்ல பெட்டியைப் பலவீனமாக்க வேண்டும். கூட்டம் நாலு சட்டத்துக்குக் குறைவு என்றால் நான் அந்த வழிக்குப் போக மாட்டேன்.

சேர்த்துவிடுவதுதான் நல்லது. ஆண் புழு நிறைந்த அடைகளை எடுத்துவிடுங்கள். மாலையில், நல்ல ராணி உள்ள வலுத்த பெட்டியின் மூடியை எடுத்து, செய்தித்தாள் ஒன்றை விரித்து, ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். அதன் மேல் இந்தப் பெட்டியின், சட்டங்கள் உள்ள அடுக்கை வையுங்கள். தாளைக் கடித்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசனையும் ஒன்றாகிவிடும், சண்டை வராது. அந்த இரண்டு நாள் ராணியைக் கூண்டில் வைத்திருந்தால் இன்னும் பத்திரம்.

புது ராணி விட்டாக் கொன்னுடுது. எப்படி விடணும்?

முதலில், உள்ளே ராணி இல்லை என்று மேலே சொன்ன சட்டச் சோதனையில் உறுதி செய்யுங்கள். கட்டத் தொடங்கிய ராணி அறைகளை நசுக்குங்கள். கம்பிவலைக் கூண்டில் ராணியை வைத்து, பொடித்த சீனியைத் தேனில் பிசைந்து அதன் வாயை அடைத்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் செருகுங்கள். ஒன்றிரண்டு நாளில் தேனீக்களே அதைத் தின்று விடுவிக்கும். கூண்டை மொய்த்து விடாப்பிடியாகக் கடித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஏற்கவில்லை, பொறுங்கள்.

எனக்குப் பிடித்தது ராணி அறை ஒட்டுவதுதான். பெட்டி பிரிக்கும் காலத்தில் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கூடுதலாக இருக்கும், கேட்டால் தருவார்கள். சுற்றி ஒரு விரல் அகலம் அடையோடு வெட்டி, குலுக்காமல், நுனி கீழே பார்க்கக் கொண்டுவந்து, நடு அடையில் சின்னக் குழி வெட்டிப் பதியுங்கள். பிறந்த இடத்திலேயே அந்த ராணி வெளிவருவதால் அதை அதிகம் எதிர்ப்பதில்லை.

ராணி முட்டை போடுது. ஆனா பிள்ளையே பெருகல. புழு எல்லாம் செத்துப் போகுது.

இது ராணியின் கோளாறு அல்ல, பை நோயாக இருக்கலாம். மூடும் பருவத்தில் புழு தலையைத் தூக்கிக்கொண்டு படகுபோலச் செத்திருக்கும். ஊசியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக வரும். வைரஸ் நோய், மருந்து கிடையாது. 1991-92இல் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது இதுதான். அப்பாவின் பெட்டிகளில் மிஞ்சியவை மிகச் சில.

செய்யக்கூடியது: நோய் கண்ட அடைகளை எடுத்து எரியுங்கள். ராணியை இரண்டு வாரம் கூண்டில் வைத்து முட்டையை நாமே நிறுத்துங்கள். நோய்ப் புழு தீர்ந்து, அறைகள் சுத்தமான பிறகு விடுங்கள். மற்றப் பெட்டிகளுக்குச் சட்டம் மாற்றாதீர்கள், கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள். அடுத்து ராணி வளர்க்கும்போது நோய் தொடாமல் நின்ற பெட்டியிலிருந்தே வளருங்கள்.

ராணிய வருஷா வருஷம் மாத்தணுமா?

மாற்றினால் நல்லது. பிரிக்கும் காலத்தில் புது ராணி தானாக வந்துவிடும், தனியாக மெனக்கெட வேண்டாம்.

ஆடி மழையில ராணி செத்துப் போச்சு. ராணி அறை கட்டுதுங்க. அப்படியே விட்டுரட்டா?

விட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ராணி வெளிவந்தாலும் பறக்க வெயில் இருக்காது. பஞ்சத்தில் ஆண் தேனீக்களை மற்றப் பெட்டிகள் விரட்டியிருக்கும். கூடாத ராணியோடு ஒரு மாதம் கழித்து ஆண் அறைகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மழை மிகுந்த மலையடிவாரங்களில் இது இன்னும் மோசம். வானம் நாலு நாள் தெளிந்து, பக்கத்துப் பெட்டிகளின் வாசலில் மத்தியான நேரம் ஆண் தேனீ பறப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் விட்டுப் பாருங்கள்.

இல்லையென்றால் செய்தித்தாள் வைத்து நல்ல பெட்டியோடு சேருங்கள். காலிப் பெட்டியைச் சுரண்டிக் கழுவி, வெயில் கிடைக்கும் நாளில் காய வையுங்கள். அடைகளை மெழுகுப் பூச்சி தின்ன விடாமல் உருக்கிவிடுங்கள். ஐப்பசி மழை விட்டு, தேனீக்கள் காலில் மகரந்தம் கட்டிக்கொண்டு வரத் தொடங்கியதும், சேர்த்த கூட்டத்தைப் பிரித்து அதே பெட்டிக்குக் குடியேற்றலாம். பிரித்த தேதியை மூடியில் எழுதிவிட்டு, 25 நாள் கழித்து என்னைக் கூப்பிடுங்கள்.